சித்திரைச் சதயம் முதல் வைகாசி மூலம் வரை: கோடையில் ஒரு வாசிப்பு விரதம்

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய பழைய வீடாயினும், தியாகராய நகரின் அடுக்குமாடிக் குடியிருப்பாயினும், அடையாற்றின் மரநிழல் தெருவாயினும், திருக்கோயிலுக்குச் செல்லும் குடும்பங்களின் பூஜை அறையில் ஒரு சிறிய அலமாரி இருக்கும். சுவாமி படங்களுக்குக் கீழே, விபூதிக் கிண்ணத்துக்கும் மணிக்கும் பக்கத்தில், பழுப்பு அட்டை போட்ட இரண்டு மூன்று புத்தகங்கள். ஒரு வீட்டில் திருமுறைத் திரட்டு. மற்றொரு வீட்டில் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம். இன்னொரு வீட்டில் சுந்தர காண்டம். ஓரங்களில் மஞ்சளும் குங்குமமும் படிந்திருக்கும். உள்ளே, தாத்தாவோ அவருடைய தகப்பனாரோ பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகள் இருக்கும். எந்த நாளில் பாராயணம் தொடங்கியது, யாருக்கு உடல்நலம் குன்றியபோது எந்தப் பதிகம் ஓதப்பட்டது, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பன போன்ற குறிப்புகள் அவை.

பேரக் குழந்தைகள் அந்தப் புத்தகத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்கிறார்கள். அது நல்ல வழக்கந்தான். ஆனால் அதைத் திறந்து ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்க வல்லவர்கள் எத்தனை பேர்? தமிழ் சரளமாகப் பேசுகிற குழந்தையே, எழுத்தைக் கண்டதும் தயங்கி, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படிக்கிறது. தமிழகத்துத் திருக்கோயில்கள் பலவற்றில் தேவாரப் பதிகங்களைப் பளிங்குக் கல்லில் பொறித்துச் சுவரில் பதித்திருக்கிறார்கள். பிரதட்சிணம் வரும் குழந்தைக்கு அந்தக் கல் வெறும் சுவராகவே தெரியுமானால், பொறித்தவர்களின் எண்ணம் நிறைவேறியதாகாது. வாசிக்கப்படாத புத்தகம் ஒரு தலைமுறைக் காலம் வழிபடு பொருளாக நிற்கும். அடுத்த தலைமுறையில், வீடு மாற்றும் ஒரு நாளில், பழைய காகிதக் கடைக்குப் போய்விடும்.

இதைத் தடுக்கும் வாய்ப்பு ஆண்டுதோறும் ஒருமுறை வீடு தேடி வருகிறது. அதுதான் கோடை விடுமுறை.

மரபு கண்ட விடுமுறை

ஏப்ரல் மாத இறுதியை ஒட்டிப் பள்ளிகள் அடைக்கப்பட்டால், மறுபடி திறப்பதற்கு ஜூன் மாதம் வந்துவிடும். ஏறக்குறைய ஒரு மண்டல காலம். நாற்பத்தெட்டு நாள் ஒரு விரதத்தைத் தவறாது நோற்றால் அது உடம்பிலும் மனத்திலும் ஊன்றிவிடும் என்பது பெரியோர் கண்ட உண்மை. அதே அளவு காலம் ஒரு பயிற்சியைக் கைவிட்டால் அது நழுவிவிடும் என்பதும் அதன் மறுபக்கம். மார்ச் மாதத்தில் தங்குதடையின்றிப் படித்த குழந்தை, ஜூன் மாதத்தில் தடுமாறுவதை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். அமெரிக்காவின் பொது நூலகங்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சிறுவர்களுக்கென்று கோடை வாசிப்புத் திட்டங்களை நடத்திவருவதற்கும் இதுவே காரணம். அங்கே வளரும் பேரக் குழந்தைகளைப் பெற்ற சென்னைவாசிகள் இதனைக் கண்டிருப்பார்கள்.

ஓய்வே வேண்டாம் என்று மரபு சொல்லவில்லை. வேத பாடசாலைகளில் பிரதமை, அஷ்டமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி ஆகிய திதிகள் அநத்யயன நாள்கள். அன்று புதிய பாடம் கிடையாது. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கி வைத்து, எவரும் எடுத்துப் படிக்காமல் பூஜை செய்வது பல இல்லங்களில் உள்ள வழக்கம். ஆனால் மறுநாள் விஜயதசமியன்று அதே புத்தகத்தைத் திறந்து ஒரு பகுதியேனும் படித்தாக வேண்டும். ஓய்வு ஒரு நாள். அதன் மறுநாளே தொடக்கம்.

தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷா வல்லியில், கல்வி முடித்து இல்லம் திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் கூறும் அறிவுரை இடம்பெறுகிறது. குருகுல வாசம் முடிந்துவிட்டது. இனிப் படிப்பு இல்லை என்று அவர் கூறவில்லை. தானே ஓதிக் கற்பதாகிய ஸ்வாத்யாயத்தையும், பிறருக்கு எடுத்துரைப்பதாகிய பிரவசனத்தையும் ஒருபோதும் நழுவவிடலாகாது என்கிறார். இவ்விரண்டும் இணைத்தே கூறப்படுவது எண்ணத்தக்கது. கோடை விடுமுறையில் ஒரே வீட்டில் இவ்விரண்டுக்கும் ஆள் உண்டு. ஸ்வாத்யாயம் பேரனுடையது, பிரவசனம் பாட்டனாருடையது. பள்ளிக்கூடம் அடைக்கப்பட்ட நாளில் கல்வி நின்றுவிடுவதில்லை. அதன் பொறுப்பு ஆசிரியரிடமிருந்து வீட்டுப் பெரியவரின் கைக்கு மாறுகிறது, அவ்வளவே.

முதியவரும் குழந்தையும்

இந்த விடுமுறைக் காலத்தின் இரு புறத்திலும் இரண்டு குருபூஜைகள் அமைந்திருக்கின்றன. சித்திரை மாதச் சதயம் திருநாவுக்கரசர் இறைவன் திருவடியடைந்த நாள். வைகாசி மாத மூலம் திருஞானசம்பந்தர் சோதியில் கலந்த நாள். முன்னவர் எண்பத்தோராண்டு வாழ்ந்தவர். பின்னவர் பதினாறே ஆண்டுகள் இவ்வுலகில் இருந்தவர் என்பது வழிவழி வந்த செய்தி. முதியவரில் தொடங்கிக் குழந்தையில் நிறைவுறும் காலம் இது.

அந்த முதியவரை 'அப்பர்' என்று முதன்முதலில் அழைத்தவர் அந்தக் குழந்தையே. திருப்பூந்துருத்தியில், சம்பந்தப் பிள்ளையாரின் சிவிகையை அவர் அறியாமலே தோளில் தாங்கி வந்தவர் அந்த முதியவர். இருவரும் தலம் தலமாகச் சேர்ந்து சென்றார்கள். திருமறைக்காட்டில் ஒருவர் பாடத் திருக்கதவம் திறந்தது. மற்றவர் பாட அது மூடியது. வயதில் மூத்தவர் தமது பெருமையை எண்ணவில்லை. இளையவர் தமது அருளை எண்ணிச் செருக்கவில்லை. வீட்டில் பெரியவரும் பேரக் குழந்தையும் ஒரு புத்தகத்தின் முன் அமர்வதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டியதில்லை.

சம்பந்தருக்கும் மயிலைக்கும் உள்ள உறவைக் கபாலீசுவரர் திருக்கோயிலுக்குச் செல்வோர் அறிவர். மயிலை வணிகர் சிவநேசரின் மகள் பூம்பாவை நந்தவனத்தில் அரவு தீண்டி இறந்தாள். அவளது சாம்பலும் எலும்பும் வைத்த குடத்தின் முன் நின்று சம்பந்தர் பதிகம் பாட, அவள் உயிர்பெற்று எழுந்தாள் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அந்தப் பதிகம் பாட்டுக்குப் பாட்டு மயிலையின் விழாக்களை வரிசைப்படுத்துகிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதந்தோறும் வரும் திருநாள்களைக் காணாமல் போவாயோ என்று அது பூம்பாவையைக் கேட்கிறது. ஓர் ஊரின் நாட்காட்டியே பதிகமாகிவிட்டது.

கோடைக்கும் அத்தகைய ஒரு நாட்காட்டியை வீட்டிலேயே வகுத்துக்கொள்ளலாம். சித்திரைச் சதயத்தை ஒட்டி அப்பர் வரலாறு. சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீராமாநுஜர் அவதாரம். திருமந்திரப் பொருள் பெறுவதற்காக அவர் திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்த வரலாற்றைக் குழந்தை வாசிக்கும்போது, இரண்டு முறை படித்தும் விளங்கவில்லை என்று கணக்கு நோட்டை மூடிவைத்தது அதன் நினைவுக்கு வரக்கூடும். வைசாக சுத்த பஞ்சமியில் ஆதிசங்கரர் ஜயந்தி. வைகாசிப் பூசத்தில் சேக்கிழார் குருபூஜை. வைகாசி விசாகத்தில் முருகப் பெருமானுக்கும் நம்மாழ்வாருக்கும் உரிய திருநாள். நிறைவாக வைகாசி மூலத்தில் சம்பந்தர். ஒவ்வொரு திருநாளுக்கும் முந்திய சில நாள்களில் அந்த மகானின் வரலாற்றைக் குழந்தை வாசித்துவிட்டால், அன்று கோயிலில் காணும் அலங்காரத்துக்கும் புறப்பாட்டுக்கும் பொருள் விளங்கும்.

சீகாழி தந்த மற்றொருவர்

சம்பந்தர் தோன்றிய சீகாழியில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் சீ. இரா. அரங்கநாதன். அவருடைய தந்தையார் ராமாயணத்தை அன்பர்களுக்கு எடுத்துரைத்து வந்தவர். மகனுக்கு ஆறு வயதாகும்போதே காலமாகிவிட்டார். கணித ஆசிரியராகப் பணியாற்றிய அரங்கநாதன், 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் பொறுப்பை ஏற்றார். இலண்டன் சென்று நூலகத் துறையைக் கற்றுத் திரும்பி, உலகம் முழுவதும் பாராட்டப்பட்ட நூலக அறிவியலை இந்தச் சென்னை நகரிலிருந்தே வகுத்தளித்தார்.

1931ஆம் ஆண்டு வெளியான அவரது நூல், நூலகத்துக்குரிய ஐந்து விதிகளைக் கூறுகிறது. புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே உரியவை. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம் ஒன்று உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது அவற்றின் கருத்து. முதல் விதியைப் பூஜை அலமாரிப் புத்தகத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். பூட்டி வைக்கப்பட்ட புத்தகம் எவ்வளவு பக்தியுடன் பூட்டப்பட்டிருந்தாலும் அது தன் கடமையைச் செய்யவில்லை.

அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப்பட்டது. அரங்கநாதனின் எண்ணத்துக்குக் கனகசபைப் பிள்ளை என்னும் அன்பர் செயல்வடிவம் கொடுத்தார். கருவறைக்கு வர இயலாதவர்களுக்காக உற்சவ மூர்த்தி வீதிக்கு எழுந்தருள்வது போலப் புத்தகம் வாசகரைத் தேடி வீதிக்கு வந்தது.

அவரது இடைவிடாத முயற்சியின் பயனாக 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர், கோவை ஸ்ரீராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அந்தச் சட்டத்தின்படி, வீட்டுக்குச் சொத்துவரி செலுத்துவோர் அதனுடன் நூலக வரியையும் செலுத்தி வருகிறார்கள். பல்லாண்டுகளாக அந்த வரியைச் செலுத்திய பெரியவர், தம் பேரக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கிளை நூலகத்துக்குள் நுழையும்போது, தமக்கும் பங்குள்ள ஓர் இடத்துக்கே செல்கிறார்.

நடந்து செல்லும் தொலைவில்

தென் சென்னையில் வாசிப்புக்கு இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. மயிலை ஸ்ரீராமகிருஷ்ண மடத்தில் நூலகம் உண்டு. 1921ஆம் ஆண்டு முதல் 'ஸ்ரீராமகிருஷ்ண விஜயம்' என்னும் தமிழ்த் திங்களிதழ் அங்கிருந்து வெளிவருகிறது. லஸ் பகுதியில், வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் தோன்றிய ரானடே நூலகம் இருக்கிறது. 1906ஆம் ஆண்டு மயிலாப்பூரில் சமஸ்கிருதக் கல்லூரியை நிறுவியவரும் அவரே. கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்று தனிப் பகுதியும், பார்வையற்றோருக்கான பிரெய்லி பகுதியும் உள்ளன. 1901ஆம் ஆண்டு முதல் மயிலாப்பூரில் இயங்கிவரும் அல்லயன்ஸ் பதிப்பகமும், தியாகராய நகரின் பதிப்பகங்களும் பல தலைமுறைகளுக்குப் புத்தகம் தந்தவை.

அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் 1886ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட் நிறுவிய அடையாறு நூலகம் ஓலைச்சுவடிகளைப் பாதுகாத்து வருகிறது. அதற்கு அப்பால் பெசன்ட் நகரில் உள்ளது டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம். ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் 1943ஆம் ஆண்டு தோன்றியது. இவ்விரண்டும் ஆய்வாளருக்கு உரியவை. ஆயினும் பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயிலுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெரியோர், வழியில் அந்த நூல் நிலையத்தைக் காட்டி ஒரு வரலாற்றைச் சொல்லலாம்.

1880ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், அவர் படித்த நூல்களின் பட்டியலைக் கேட்டார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களுமாக நீண்ட அந்தப் பட்டியல் முதலியாருக்கு நிறைவளிக்கவில்லை. சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் பயின்றதுண்டா என்று வினவினார். இல்லை என்பதே விடை. தாம் கற்றது போதாது என்று ஆசிரியராகிய பின்பும் ஒப்புக்கொள்ள அந்த இளைஞர் நாணவில்லை. சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று அவர்கள் மரபைக் கேட்டறிந்தார். ஊர் ஊராகச் சுவடி தேடினார். ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1887ஆம் ஆண்டு சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. தேர்வு முடிந்ததும் படிப்பு முடிந்தது என்று அவர் எண்ணியிருந்தால், தமிழர் இழந்திருக்கக்கூடியவை எத்தனையோ.

எப்படித் தொடங்குவது?

இதற்குப் பெருஞ்செலவோ பெருமுயற்சியோ தேவையில்லை. அக்கினி நட்சத்திர வெயிலில் பிற்பகல் முழுவதும் குழந்தைகள் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறார்கள். சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன் இருபது நிமிடம் போதும். பெரியவர் படித்துக் காட்டுவதைவிடக் குழந்தையைப் படிக்கச் சொல்லிப் பெரியவர் கேட்பதே நன்று. கண்புரைக்குச் சிகிச்சை செய்துகொண்டவருக்கும், சிறிய எழுத்துகளைப் படிக்க இயலாதவருக்கும் அது உண்மையான உதவி. தனக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்று எண்ணும் குழந்தை ஓடிவிடும். தன்னால் தாத்தாவுக்கு ஓர் உதவி ஆகிறது என்று உணரும் குழந்தை உட்காரும்.

வாசிக்கும்போது ஒவ்வொரு பிழைக்கும் இடைமறிக்கலாகாது. ஒரு பத்தி முடிந்த பின், தவறிய ஒரு சொல்லை மட்டும் மெல்லச் சொல்லித் தரலாம். நாளுக்கு ஒரு புதிய சொல்லைச் சிறு நோட்டில் எழுதச் சொல்லலாம். ஒரு மண்டலம் நிறையும்போது நாற்பத்தெட்டுச் சொற்கள் சேர்ந்துவிடும். பக்தி நூல்களை மட்டுமே படிக்க வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். ஒரு நாள் நாயன்மார் வரலாறு என்றால், மறுநாள் குழந்தை விரும்பும் விலங்குக் கதையோ, விண்வெளியோ, கிரிக்கெட்டோ ஆகலாம். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புத்தகம் உண்டு என்ற அரங்கநாதனின் விதி எட்டு வயது வாசகருக்கும் பொருந்தும்.

பெரியோர் தம்மளவில் செய்ய வேண்டிய ஒரு தியாகமும் இருக்கிறது. கூடத்தில் தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருக்க, உள்ளறையில் போய்ப் படி என்று சொன்னால் எந்தக் குழந்தையும் படிக்காது. கைப்பேசியைக் குழந்தை கீழே வைக்க வேண்டுமானால், பெரியவரும் தமது கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டும். அந்த இருபது நிமிடம் இருவருக்கும் விரதம்.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. பள்ளி விடுமுறையில், வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி தம் குழந்தையையும் உடன் அழைத்து வருவதுண்டு. குடியிருப்பின் காவலாளியின் பிள்ளைகள் படிக்கட்டில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் அதே இரண்டு மாதம். அவர்கள் வீட்டில் புத்தக அலமாரி இல்லாமலும் இருக்கலாம். பேரனுக்காக விரித்த பாயில் அவர்களுக்கும் இடமுண்டு. ஏழை மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அளிக்க 1905ஆம் ஆண்டு மயிலாப்பூரில் தோன்றிய ஸ்ரீராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் இன்றும் அந்தப் பணியைச் செய்துவருகிறது. அந்தப் பெரும் பணியின் ஒரு துளியை ஒரு வீட்டுக் கூடத்திலும் செய்ய முடியும். பேரக் குழந்தைகள் தொலைதூர நாடுகளில் இருப்பதால் பிற்பகல்களைத் தனிமையில் கழிக்கும் முதியோருக்கு, வாசித்துக் காட்ட ஒரு குழந்தை கிடைப்பது பெரும் ஆறுதலுமாகும்.

வைகாசி மூலத்தன்று கபாலீசுவரர் கோயிலுக்குச் செல்லும்போது, பூம்பாவை சந்நிதியின் முன் நின்று, அந்த வரலாற்றைக் குழந்தையையே சொல்லச் சொல்லலாம். இந்த முறை பெரியவர் கேட்கட்டும். வீடு திரும்பியதும் பூஜை அலமாரிப் புத்தகத்தை எடுத்து, பழைய பென்சில் குறிப்புகள் உள்ள பக்கத்தைத் திறந்து, குழந்தையின் கையில் ஒரு பென்சிலைக் கொடுக்கலாம். கொள்ளுத் தாத்தாவின் கையெழுத்துக்குக் கீழே, இந்த ஆண்டு, இந்த நாளில், இந்தப் பக்கத்தை வாசித்தவர் இன்னார் என்று குழந்தை தன் பெயரை எழுதட்டும். தன் பெயர் உள்ள புத்தகத்தை எந்தக் குழந்தையும் பழைய காகிதக் கடைக்கு எளிதில் அனுப்பிவிடாது.